இருபத்தொரு கட்டை

நிக்கலஸ் ஐயாவுக்குச் சிங்களம் தெரியும். இதை அவராக யாருக்கும் சொல்லிக்கொண்டு போகமாட்டார். யாராவது கேட்டுவிட்டால் மட்டும் அரை மணித்தியாலத்துக்கு விடமாட்டார். சிங்களச் சோதனை பாஸ் பண்ணினால்தான் சம்பள உயர்வு என்று சட்டம் வந்த காலத்தில், அவருடைய கந்தோரிலிருந்து ஒன்பது தமிழ்க் கிளாக்குமார் எழுதப் போனார்கள். எட்டுப் பேர் கோட்டை விட்டார்கள். மூன்றாம் தரம் எழுதித் தேறியவர் இவர் ஒருத்தர்தான். அன்று தொடக்கம், திருகோணமலைத் துறைமுகத்தில் அந்தப் பண்டகசாலைக்குக் கொழும்பிலிருந்து என்ன அறிவித்தல் வந்தாலும், அதைத் தமிழில் எழுதிப் பலகையில் ஒட்டுவது அவருடைய கைதான். கீழே நிக்கலஸ் ஐயாவின் கையெழுத்து இருந்தால் தொழிலாளிக்கு வேறு சாட்சி வேண்டியதில்லை.

சூறாவளி அடித்து ஒரு வருஷம் கழிந்த தை மாதம் ஓர் அறிவித்தல் வந்தது. நீண்ட தூர ஓட்டப்போட்டி. குருத்தோலை ஞாயிறுக்கு முந்தின சனிக்கிழமை காலை, துறைமுக வாசலிலிருந்து நிலாவெளி ரோட்டால் போய்த் திரும்பி வர வேண்டும். இரண்டு மணித்தியாலத்துக்குள் ஓடி முடிக்கிற நாட்கூலிக்காரருக்கு நிரந்தர வேலை, குடியிருக்கக் குவாட்டர்ஸ். தூரம் இருபத்தொரு கிலோமீற்றர்.

நிக்கலஸ் ஐயா கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கிக்கொண்டு எழுதினார். 21 என்று எழுதினார். அடுத்த சொல்லை எழுதக் கை அவரைக் கேட்கவில்லை. அந்த ஊரில் தூரத்துக்கு ஒரே பெயர்தான். தெருவோரத்து மைல்கல்லைக் கட்டை என்பார்கள். ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு உள்ள மைலும் கட்டைதான். உப்புவெளி மூன்றாம் கட்டை, நிலாவெளி ஒன்பதாம் கட்டை. கிலோ என்பது சீனிக்கும் மாவுக்கும் அப்போதுதான் மெல்லப் பழகிக்கொண்டிருந்தது. தெருவுக்கு இன்னும் பழகவில்லை. ‘21 கட்டை’ என்று எழுதி, அடியில் கோடும் கீறி, கையெழுத்தும் வைத்து ஒட்டிவிட்டார். பதின்மூன்று மைல் இருபத்தொரு மைலாகிப் பலகையில் ஏறிக்கொண்டது.

அதைப் பார்த்து நிக்கலஸ் ஐயாவிடம் பெயர் கொடுத்தவர்கள் எட்டுப் பேர். அவர்களில் முதல் ஆளாய் வந்து மேசைக்கு முன் நின்றவன் குறிஞ்சாக்கேணி ஹிஸ்புல்லா. பள்ளிக்கூடக் காலத்தில் ஓடிக் கப் வாங்கினவன்.

“ஐயா, நிலாவெளிக்குப் போய்த் திரும்புற பஸ்ஸுக்கே ஒண்டரை மணித்தியாலம் வேணும். மனுசன் ரெண்டு மணித்தியாலத்தில இருபத்தொரு கட்டை ஓடுவானா? நல்லாப் பாருங்க. பிழை என்னமும் கிடக்கும்.”

பிழை என்ற சொல்தான் பிழைத்துப்போனது. இருபத்திரண்டு வருஷத்தில் ஒருவரும் நிக்கலஸ் ஐயாவிடம் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. “நோட்டீஸ் நான் போட்டதில்லை, கொழும்பு போட்டது. ஏலாதெண்டால் பேரை வெட்டிப்போட்டுப் போ,” என்றார். சிங்களத் தாள் அவருடைய கைக்கெட்டும் தூரத்தில், அறிவித்தல்கள் கோத்த கோவையில் கிடந்தது. எடுத்துப் பார்க்கவில்லை.

ஹிஸ்புல்லா பெயரை வெட்டினான். அடுத்தடுத்து ஆறு பேர் வெட்டினார்கள். எங்களுக்கு வேலை தராமல் விடுவதற்குத்தான் இப்படி ஒரு தூரத்தைப் போட்டிருக்கிறார்கள் என்று கன்ரீனில் கதைத்தார்கள். அந்தக் காலத்தில் அப்படி ஒரு கதையை நம்புவதற்கு யாருக்கும் கஷ்டம் இருக்கவில்லை. சிங்கள அறிவித்தலைப் பார்த்துப் பெயர் கொடுத்த பட்டறைப் பக்கத்துச் சிங்களப் பெடியன்களும் ஓடிப் பழகினார்கள்தான். ஆனால் அவர்கள் கண்டி ரோட்டில் ஓடினார்கள், இவர்கள் நிலாவெளி ரோட்டில். எத்தனை மைல் என்று ஒருத்தரையொருத்தர் கேட்கிற அளவுக்குக் கதைபேச்சு இருக்கவில்லை.

பெயரை வெட்டாதவன் ஒருத்தன். இலங்கைத்துறை வீரக்குட்டி. வெருகல் கரையில் வலை இழுத்துக்கொண்டிருந்தவன். சூறாவளியில் வீடும் வலையும் போனபிறகு மூட்டை சுமக்கத் துறைமுகத்துக்கு வந்தவன். பெண்சாதி சீதேவியும் நாலு வயது மகளும் சீதேவியின் தமையனுடைய குடிலில் ஒரு மூலையில் கிடந்தார்கள். நிரந்தர வேலை கிடைத்தால் குவாட்டர்ஸ் கிடைக்கும். குவாட்டர்ஸ் கிடைத்தால் அவர்களைக் கூட்டிவரலாம். அவனுக்கு அவ்வளவுதான் கணக்கு.

“எங்கட ஊரில தூரத்தை ஆர் ஐயா அளந்தது? ஓடிப் பாப்பம். மனுசர் ஓடாத தூரத்தைக் கொழும்பில இருந்து எழுதுவினமோ?” என்றான். விண்ணப்பப் படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் நிக்கலஸ் ஐயாதான். அதற்காக அடுத்த தரம் ஊருக்குப் போய் வந்தபோது ஒரு பை நிறையக் கருவாடு கொண்டுவந்து கொடுத்தான்.

நிக்கலஸ் ஐயாவின் வீடு உப்புவெளியில், மூன்றாம் கட்டைக்குப் பக்கத்தில், ரோட்டைப் பார்த்தபடி. வீரக்குட்டி நாலு மணிக்குத் துறைமுக வாசலில் புறப்படுவான். நாலரைக்குச் சற்று முன் அவனுடைய கன்வஸ் சப்பாத்துச் சத்தம் வாசல் படலையைத் தாண்டும். பத்தரைக் கட்டைவரை போய்த் திரும்பி, வெளிச்சம் வந்து ஆறரை ஆகும்போது மறுபடி வரும். வாரத்தில் நாலு நாள் இது. நிக்கலஸ் ஐயாவின் மனைவி ஞானமலர் ஒரு பெரிய கோப்பையில் பிளேன்டீயோடு படலையில் நிற்பாள். நின்ற நிலையிலேயே மடமடவென்று குடித்துவிட்டு, “தங்கமான கை, அம்மா,” என்று சொல்லிவிட்டு ஓடுவான்.

“எங்கட வீட்டுக்கு முன்னால ஓடுற பெடியன் வெண்டால் எங்களுக்கும் பெருமைதானே,” என்பாள் ஞானமலர். கட்டிலில் கிடந்தபடி நிக்கலஸ் ஐயாவும் ஓம் என்பார். உண்மையில் பெருமையாய்த்தான் இருந்தது.

போட்டிக்கு மூன்று கிழமை இருக்கையில் கொழும்பிலிருந்து ஒரு வரைபடம் வந்தது. போட்டி நடக்கும் கிழமையில் பலகையில் ஒட்டச் சொல்லியிருந்தது. துறைமுக வாசலில் ஒரு புள்ளி, அங்கிருந்து வடக்கே ஒரு கோடு, கோடு திரும்பும் இடத்தில் ஓர் அம்பு. அம்பு நிலாவெளிக்குப் போகவேயில்லை. சாம்பல்தீவுப் பாலத்துக்குச் சற்று அங்கால், தெருவோரத்து ஆலமரத்தடியில் திரும்பிவிட்டது. அது ஆறரைக் கட்டை. போக ஆறரை, வர ஆறரை.

நிக்கலஸ் ஐயா கோவையைத் திறந்து பழைய சிங்களத் தாளை எடுத்தார். கிலோமீற்றர் என்று தெளிவாய்த்தான் போட்டிருந்தது. தாளில் ஒரு குறையும் இல்லை. வரைபடத்தை மடித்து மேசை லாச்சிக்குள் வைத்துத் திறப்பால் பூட்டினார்.

அன்று பின்னேரம் முழுக்க அவர் ஹிஸ்புல்லாவைப் பற்றித்தான் யோசித்தார். பெயர் கொடுக்கும் திகதி முடிந்துவிட்டது. ஏழு பேருக்கு வாழ்க்கையில் ஒருதரம் வந்த வாசலைத் தன்னுடைய ஒரு சொல் பூட்டிவிட்டது என்று போய்ச் சொல்வதா? ஆவணியில் பென்சன். பிரியாவிடையில் மாலை போட்டு, ‘சிங்களம் கரைத்துக் குடித்த எங்கள் ஐயா’ என்று பேசப்போகிறார்கள். அந்த மேடையை நினைத்துப் பார்த்தார். சிரிப்பார்களே என்று பயந்தார். பெரிய காரணம் ஒன்றுமில்லை, இதுதான் காரணம். எட்டுக் குடும்பத்துக்கு எதிரில் ஒரு கிழட்டுக் கிளாக்கின் வெட்கம்!

ஆனாலும் வீரக்குட்டிக்காவது சொல்லிவிட வேண்டும் என்றுதான் மறுநாள் விடிய எழும்பிப் படலைக்குப் போனார். ஞானமலரின் கையிலிருந்து கோப்பையைத் தானே வாங்கிக்கொண்டார். வீரக்குட்டி வந்து நின்றான். முன்பிருந்த ஆள் இல்லை. கன்னம் ஒட்டி, கண் உள்ளே போயிருந்தது.

“ஐயா, எனக்கொரு யோசினை. நான் என்ன நேரத்தில ஓடுறன் எண்டே தெரியேல்ல. வந்து சேரேக்க காவற்காரன்ர மணிக்கூட்டைப் பாத்தால் ஏழாகுது. அது முந்தி ஓடுதெண்டு அவன் சொல்லுறான். ரெண்டு மணித்தியாலத்துக்கு இன்னும் எவ்வளவு குறைக்க வேணும் எண்டு தெரிஞ்சால் குறைச்சுப்போடுவன்.”

சொல்ல வேண்டிய சொல் நிக்கலஸ் ஐயாவின் நாக்கு நுனியில்தான் இருந்தது. வாயைத் திறந்தார். திறந்த வாய்க்கு ஏதாவது செய்தாக வேண்டுமே. இடக்கையிலிருந்த மணிக்கூட்டைக் கழற்றினார்.

“இதைக் கட்டு. போட்டி முடியுமட்டும் வைச்சிரு.”

வீரக்குட்டி கையைக் காற்சட்டையில் துடைத்துவிட்டு இரண்டு கையாலும் வாங்கினான். கண் கலங்கிவிட்டது அவனுக்கு. “என்ர தகப்பன் இருந்தாலும் இப்பிடிச் செய்யமாட்டார், ஐயா,” என்றான். அவன் போனபிறகும் நிக்கலஸ் ஐயா அங்கேயே நின்றார். மணிக்கூடு இருந்த இடம் வெள்ளை வெளேரென்று தெரிந்தது. ஞானமலர் அதைப் பார்த்து, “இஞ்சாருங்கோ, உங்களுக்குள்ள இவ்வளவு நல்ல மனமும் கிடந்ததோ!” என்று பகிடியாய்ச் சொன்னாள். அவளுடைய சந்தோஷம் அவருக்கு அடி விழுந்த மாதிரி இருந்தது.

மணிக்கூடு வந்தபிறகு வீரக்குட்டி தேத்தண்ணிக்கு நிற்கவில்லை. எத்தனை நிமிஷம் மிச்சம் என்று கண்ணுக்கு முன்னால் தெரிந்துவிட்டதல்லவா! முதல் நாள் இரண்டு மணித்தியாலம் ஐம்பது நிமிஷம். அடுத்த கிழமை நாற்பத்திரண்டு. “இன்னும் நாப்பத்திரண்டு நிமிசம், ஐயா,” என்று மூட்டையோடு கந்தோர் வாசலால் போகும்போது சொல்லிவிட்டுப் போனான். நாலு நாள் ஓட்டத்தை ஆறு நாளாக்கினான். ஞானமலர் கோப்பையை நீட்டியபடி நிற்க, கையை மட்டும் ஆட்டிவிட்டுப் போனான்.

நிக்கலஸ் ஐயா தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். இருபத்தொன்று ஓடிப் பழகினவனுக்குப் பதின்மூன்று சும்மா கால் வீசுகிற மாதிரி, போட்டி அன்று காலையில் வரைபடத்தைக் காட்டினால் துள்ளிக் குதிப்பான், நன்மைக்குத்தான் நடந்திருக்கிறது. பகலில் இந்தச் சமாதானம் நின்றுபிடித்தது. விடியப்புறம் சப்பாத்துச் சத்தம் கேட்டவுடன் ஓடி ஒளிந்தது.

தவக்காலம் வேறு. வெள்ளிக்கிழமை சிலுவைப்பாதை முடிந்து பாவசங்கீர்த்தனத்துக்குச் சுவாமியாருக்கு முன் முழங்காலில் நின்றார். கோபப்பட்டதைச் சொன்னார். ஒருநேரம் மட்டும் சாப்பிடுகிற ஒருசந்தி நாளில் மீன்குழம்பு ருசி பார்த்ததைச் சொன்னார். கட்டையைச் சொல்லவில்லை. அது மொழிபெயர்ப்புப் பிழை, பாவமில்லை என்று ஆண்டவருக்கே விளக்கம் வைத்திருந்தார்.

போட்டிக் கிழமை பிறந்தது. திங்கட்கிழமை வரைபடத்தை ஒட்டியிருக்க வேண்டும். ஒட்டவில்லை. செவ்வாய்க்கிழமை விடிய, படுக்கையில் கிடந்து காது கொடுத்தவருக்குச் சத்தத்தில் வித்தியாசம் தெரிந்தது. ஒரு கால் பலமாய் விழுந்தது. மற்றக் கால் தொட்டும் தொடாமலும் விழுந்தது. ஞானமலரும் எழும்பி உட்கார்ந்தாள்.

“பெடியன் நொண்டுறான். கேக்குதோ உங்களுக்கு?”

“ஓம்.”

“கூப்பிட்டு ஒரு சொல்லுச் சொல்லுங்கோவன், இவ்வளவு ஓட வேண்டாமெண்டு. நீங்கள் சொன்னால் கேப்பான்.”

அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நீங்கள் சொன்னால் கேட்பான். அதுதானே முழு வினையும்!

வியாழக்கிழமை நாலரைக்குச் சத்தம் போனது. ஆறரைக்குத் திரும்பவில்லை. ஆறே முக்காலுக்கும் திரும்பவில்லை. கோப்பையில் தேத்தண்ணி ஆறிச் சில்லிட்டது. ஞானமலர் படலையிலிருந்து திரும்பி அவரைப் பார்த்தாள். நிக்கலஸ் ஐயா வீட்டில் கட்டியிருந்த சறத்தோடும் மேற்சட்டையோடும் சைக்கிளை எடுத்தார். அந்த ரோட்டில் அவர் சைக்கிள் ஓடிப் பத்து வருஷம் இருக்கும். நாலாம் கட்டை, ஐந்தாம் கட்டை, சாம்பல்தீவுப் பாலம், ஆலமரம். ஒவ்வொரு கல்லாய் வந்துகொண்டே இருந்தது. எட்டாம் கட்டையில் மூச்சு முட்டியது. பெடியன் இதைக் காலால் ஓடுகிறான், போகவும் வரவும் ஓடுகிறான் என்று நினைத்தபோது அவருக்கு அழுகை வந்துவிட்டது.

பத்தாம் கட்டைக் கல்லின்மேல் வீரக்குட்டி உட்கார்ந்திருந்தான். வலக்கால் நீட்டியபடி கிடந்தது. முழங்காலுக்குக் கீழே முன்னெலும்பு வீங்கித் தோல் மினுங்கியது.

“டக்கெண்டு ஒரு சத்தம், ஐயா. எனக்கே கேட்டது. அதுக்குப் பிறகு ஊண்ட ஏலாமல் கிடக்கு.” பிறகு ஏதோ பெரிய குற்றம் செய்தவன்போல மணிக்கூட்டைக் காட்டினான். “இண்டைக்கு நல்லா வந்தனான், ஐயா. திரும்பி வரேக்க பாத்தன், ரெண்டரைக்குள்ள முடிஞ்சிருக்கும். சனிக்கிழமைக்கிடையில இது மாறுமோ?”

நிக்கலஸ் ஐயா சைக்கிளை ரோட்டில் போட்டுவிட்டு அவனுக்கு முன்னால் குந்தினார். “இருபத்தொரு கட்டை இல்லை, வீரக்குட்டி. இருபத்தொரு கிலோமீற்றர். பதின்மூண்டு கட்டைதான். நான் பிழையாய் எழுதிப்போட்டன்.”

வீரக்குட்டிக்கு விளங்க நேரம் எடுத்தது. விரலை மடக்கி எண்ணினான். “பதின்மூண்டு. அப்ப போக ஆறரை.”

“ஓம். சாம்பல்தீவு தாண்டி அந்த ஆலமரம்.”

“அந்த ஆலமரமோ?” அவன் சிரித்தேவிட்டான். “அதுக்குக் கீழதானே ஐயா, நான் ஒவ்வொரு நாளும் தண்ணி குடிக்கிறனான். அப்ப நான் எப்பவோ ஓடி முடிச்சிட்டன். மாசி மாதமே முடிச்சிட்டன்.” சிரிப்பு பாதியில் நின்றுபோனது. காலைப் பார்த்தான். பிறகும் அவரைக் கோபிக்கவில்லை. “சரி, என்ன செய்யிறது. மனுசருக்குப் பிழை வாறதுதானே. தெரிஞ்ச உடன இவ்வளவு தூரம் உழக்கி வந்து சொன்னீங்களே, ஐயா. அது போதும்.”

அதோடு முடிந்திருக்கலாம். நிக்கலஸ் ஐயா தலையை ஆட்டிவிட்டு அவனைச் சைக்கிள் கரியரில் ஏற்றியிருக்கலாம். ஒருத்தருக்கும் ஒன்றும் தெரிந்திராது. அவரும் ஒரு நிமிஷம் அப்படித்தான் நினைத்தார். வீரக்குட்டி எழும்புவதற்காக இரண்டு கையையும் அவரிடம் நீட்டினான். நீட்டிய கையில் மணிக்கூடு இருந்தது.

“இண்டைக்குத் தெரிஞ்சதில்லை,” என்றார்.

“எப்ப தெரிஞ்சது?”

“மணிக்கூடு தந்த அண்டைக்கு முதல் நாள்.”

வீரக்குட்டி நீட்டிய கையை மடக்கிக்கொண்டான். மணிக்கூட்டைப் பார்த்தான், அவரைப் பார்த்தான். பிறகு அதை மெல்லக் கழற்றி, கண்ணாடியில் படிந்த வியர்வையைச் சட்டையில் துடைத்து, அவருடைய சட்டைப் பைக்குள் தானே போட்டான். அவ்வளவு கவனமாய்ப் போட்டான். அவர் தோளைப் பிடிக்கப் போனபோது, “வேண்டாம்,” என்றான். ஐயா என்று சொல்லவில்லை.

அரை மணித்தியாலம் பஸ்ஸுக்குக் காத்திருந்தார்கள். அவன் கல்லில், கடல் பக்கம் பார்த்தபடி. இவர் ரோட்டில். புல்மோட்டையிலிருந்து பஸ் வந்தபோது வீரக்குட்டி கையைக் காட்டினான். கொண்டக்டரும் இன்னொருத்தரும் இறங்கி அவனைத் தூக்கி ஏற்றினார்கள். பஸ் போனது. நிக்கலஸ் ஐயா சைக்கிளில் ஏறவில்லை, உருட்டிக்கொண்டே நடந்தார். வீட்டுப் படலையில் நின்ற ஞானமலரைத் தாண்டியும் நடந்தார். பத்துக் கட்டையும் நடந்தார்.

துறைமுகத்துக்கு வந்து சேர்ந்தபோது பன்னிரண்டு மணி. சறத்தோடு கந்தோருக்குள் அவரை யாரும் கண்டதில்லை. லாச்சியைத் திறந்து வரைபடத்தை எடுத்தார். வெளியே வந்து பலகையில் ஒட்டினார். பக்கத்தில் தை மாதத்துத் தாள் வெயிலில் மஞ்சளாகி இன்னும் தொங்கியது. பேனையை எடுத்து ‘கட்டை’ என்பதைக் குறுக்கே வெட்டி, மேலே ‘கிலோமீற்றர்’ என்று எழுதினார். ‘பிழை என்னுடையது’ என்று எழுதிப் பழைய கையெழுத்தின் பக்கத்தில் இன்னொரு கையெழுத்து வைத்தார்.

முதுகுக்குப் பின்னால் மூட்டைகள் இறங்கும் சத்தம் கேட்டது. ஆட்கள் ஒவ்வொருவராய் வந்தார்கள். வாசிக்கத் தெரிந்தவன் தெரியாதவனுக்கு வாசித்துச் சொன்னான். ஹிஸ்புல்லா தலையில் கட்டியிருந்த துவாயை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு முன்னுக்கு வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த ஆள் ஒருத்தன் வீரக்குட்டியின் கால் எலும்பு வெடித்ததென்று மாக்கட்டுப் போட்டிருக்கிறார்கள், மூன்று மாதம் மூட்டை தூக்க ஏலாது என்று சொல்லிவிட்டான். அது ஹிஸ்புல்லாவுக்கும் தெரிந்திருந்தது.

நிக்கலஸ் ஐயா அவனுடைய வசவுக்குக் காத்திருந்தார். அவன் ஏசவில்லை. வரைபடத்தின் அம்பை விரலால் தொட்டான். மூலையில் குத்தியிருந்த திகதி முத்திரையைக் குனிந்து பார்த்தான். மூன்று கிழமைக்கு முந்தின திகதி. நிமிர்ந்து அவருடைய முகத்துக்கு நேரே கேட்டான்.

“எப்ப தெரியும், ஐயா, உங்களுக்கு?”